மூன்றாவது குளியலறை

ஜூன் 5, வியாழன்

காலையில் வேன் கிளம்பிப் போய்விட்டால் அதன் பிறகு அலுவலகத்தில் நான் மட்டும்தான். தெய்வானை அக்காவும் அவருடன் வேலை செய்யும் மூன்று பெண்களும் வாளி, மாப்பு, வாக்குவம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனதும், மாடி அறையில் ஃபினாயில் வாசமும் கணினியும் நானும் மிஞ்சுவோம். கீழே மருந்துக்கடை. முதலாளி கிருபா மேடம் புதிய வீடுகளைப் பிடிக்க ஊரெல்லாம் சுற்றுவார். மாலையில் வந்து எட்டிப் பார்ப்பார்.

'துலக்கம் - வீடு சுத்தம் செய்து தரப்படும்' என்று வாசலில் பலகை. நான் பில் போடுகிறவள். ஒவ்வொரு வீடு முடிந்ததும் தெய்வானை அக்கா வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்புவார். "கண்ணு, சாய்பாபா காலனி வீடு முடிஞ்சுது. ரெண்டு ரூமு, ஒரு ஹாலு, அடுப்படி. அடுப்படில பிசுக்கு ஜாஸ்தி, அதைத் தனியாப் போட்டுக்க." அதை நான் பில்லாக்கி வீட்டுக்காரர்களுக்கு அனுப்ப வேண்டும். பணம் போடாதவர்களை வெள்ளிக்கிழமை கூப்பிட்டு நினைவூட்ட வேண்டும்.

இந்தக் கோயமுத்தூரில் ஒரு வீட்டுக்குள்ளும் நான் போனதில்லை. ஆனாலும் யார் வீட்டில் பூனை முடி அடைக்கிறது, யார் வீட்டுக் கட்டிலுக்கடியில் காலி பாட்டில்கள் கிடக்கின்றன, எந்தப் புது மனைவி அடுப்பையே பற்றவைப்பதில்லை என்பதெல்லாம் தெரியும். நாவல் படிப்பதுபோலத்தான். என்ன, இதில் மனிதர்கள் வருவதில்லை, அறைகள் மட்டும் வரும்.

இன்று ஒருவர் வந்தார். குரலாக.

"ஏனுங், துலக்கமுங்களா?"

"ஆமாங்க, சொல்லுங்க."

"கோவைப்புதூர்ல இருந்து தமயந்தி பேசறேனுங். நேத்துத்தான் மொதத் தடவையா உங்க ஆளுக வந்து சுத்தம் பண்ணீட்டுப் போனாங்க. பில்லு வந்துதுங். பாத்ரூம் மூணுன்னு போட்டிருக்கீங்."

"ஆமாங்க மேடம்."

"எங்கூட்டுல ரெண்டுதானுங் இருக்குது. அந்த மூணாவது எங்கீன்னு சொன்னீங்கன்னா நானும் போயித் தண்ணி வாத்துட்டு வந்துருவேன்."

சிரித்துவிட்டேன். மூன்று படுக்கையறை வீட்டுக்கான பில் படிவத்தைத் தவறுதலாக எடுத்துவிட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டுத் திருத்தி அனுப்பினேன்.

"பில்லுப் போடறவங்க சிரிப்பாங்கன்னு இன்னிக்குத்தான் தெரியுதுங்" என்று சொல்லி வைத்தார்.

போனை வைத்த பிறகு, இந்த அறையில் என் சிரிப்பை நானே இதற்கு முன் கேட்டதில்லை என்று தோன்றியது.

ஜூன் 6, வெள்ளி

நினைவூட்டும் நாள். பலர் எடுக்கவில்லை. எடுத்தவர்கள் "மீட்டிங்" என்றார்கள். கோவைப்புதூர் வீட்டிலிருந்தும் பணம் வந்திருக்கவில்லை.

"ஏனுங் அம்மிணி, வெள்ளிக்கெழமையும் அதுவுமாப் பணங் கேக்கறீங்களே! லட்சுமியை யாராச்சும் இன்னிக்கு வெளிய அனுப்புவாங்களா?"

எங்கள் ஊரிலும் அதே வழக்கம்தான். கிருபா மேடம் வங்கியில் இருந்தவர், ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். வாரக் கணக்கை வெள்ளியில் முடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நாளில் இவரிடம் இரண்டாவது மன்னிப்பு.

"நாளைக்குக் கூப்பிடுங்" என்றார். 'நாளைக்குப் போட்டுவிடுகிறேன்' என்று சொல்லவில்லை.

ஜூன் 7, சனி

பணம் வந்தது, பத்து ரூபாய் குறைவாக. கூப்பிட்டேன்.

"அடடா! ஜீபேலதான் போட்டேனுங். சில்லறை இல்லாமப் போச்சு."

ஜீபேயில் சில்லறை எப்படி இல்லாமல் போகும் என்று நான் கேட்கவில்லை. கோவைப்புதூரில் காற்று ஆளைத் தூக்குகிறது என்றார். இங்கேயும் அப்படித்தான் என்றேன். பத்து ரூபாய் வந்து சேர்ந்தது.

ஜூன் 8, ஞாயிறு

விடுதியில் என் அறையில் இருந்த பெண் பெங்களூருக்கு வேலை மாறிப் போனதிலிருந்து அடுத்த கட்டில் காலியாகவே இருக்கிறது. புத்தகங்களை அதில் பரப்பி வைத்திருக்கிறேன். நூலகத்திலிருந்து எடுத்துவந்த தடித்த ரஷ்ய நாவலில் இன்று நூறு பக்கம் போயிற்று. அதில் எல்லோரும் ஓயாமல் பேசுகிறார்கள். குதிரை வண்டியில் பேசுகிறார்கள், சாகக் கிடந்தாலும் பேசுகிறார்கள்.

அம்மா ஒரு சூரியோதயப் படம் அனுப்பியிருந்தாள், 'இனிய காலை வணக்கம்' என்று. நானும் ஒரு படம் அனுப்பினேன், ரோஜாப்பூ. இருவரும் சொந்தமாக ஒரு சொல் எழுதவில்லை. அப்பா பக்கத்தில் இருக்கும்போது அம்மாவால் படம்தான் அனுப்ப முடியும். பத்திரிகை அடித்து வந்த பிறகு கல்யாணம் வேண்டாம் என்றவளோடு அப்பாவுக்குப் பேச என்ன இருக்கிறது?

துணி துவைத்தேன். காயவில்லை.

ஜூன் 19, வியாழன்

கோவைப்புதூர் வீட்டுக்கு பதினைந்து நாளுக்கு ஒருமுறை வேலை. நேற்று போய்வந்தார்கள். இன்று பில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைப்பு.

"அம்மிணி, பால்கனி கழுவுனதுன்னு போட்டிருக்குது. எங்கூடு தரை வீடுங். பால்கனிக்குப் போறதுக்கு ஏணி கீணி குடுத்துவுடுவீங்ளா?"

"மன்னிச்சுக்கங்க மேடம். வேற வீட்டோடது சேர்ந்துபோச்சு."

"மேடம்னு கூப்பிடாதீங். இங்கிலீஷ் டீச்சராட்ட இருக்குது."

"சரிங்க... அக்கா."

"ம். இது பரவால்ல."

அப்போது போனில் ஒரு மணிச் சத்தம் கேட்டது. பூஜை மணி மாதிரி சின்னது. "சித்த இருங்" என்று போனை எங்கோ வைத்துவிட்டுப் போனார். தூரத்தில் அவர் குரல்: "என்ன வேணும்? தண்ணியா? இப்பத்தான குடிச்சீங்? பில்லுக்காரப் புள்ள பேசுது, தப்பாப் போட்டிருச்சு. பேசீட்டு வந்தர்றேன்." பதில் குரல் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்து, எதுவும் நடக்காததுபோல, இந்த வருஷம் மாம்பழம் இனிப்பே இல்லை என்றார்.

பில்லில் எப்படிப் பால்கனி வந்தது என்று தெரியவில்லை. கண்ணுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். பஸ்ஸில் படிப்பதை நிறுத்தினால் நல்லது.

ஜூன் 30, திங்கள்

மாதக் கணக்கு முடித்தோம். கிருபா மேடம் காபி வாங்கித் தந்தார்.

"இத்தனை பில் போட்டிருக்க, தப்புன்னு பார்த்தா ரெண்டே ரெண்டு. முன்னாடி இருந்த பையன் பாதியைச் சொதப்பி வைப்பான். நல்ல கை இசக்கி உனக்கு."

"தேங்க்ஸ் மேடம்."

"அந்த ரெண்டும் ஒரே வீடு! அந்த வீட்டுக்கு ஏதோ ராசி."

இருவரும் சிரித்தோம்.

ஜூலை 3, வியாழன்

இன்று ஃபிரிட்ஜ். தெய்வானை அக்கா ஃபிரிட்ஜ் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. பில்லில் 'ஃபிரிட்ஜ் உட்புறம் சுத்தம்' என்று போய்விட்டது.

"அம்மிணி, எங்கூட்டு ஃபிரிட்ஜைத் தொறந்து பாத்தீன்னா நேத்து வெச்ச ரசம் அப்படியே இருக்குது. சுத்தம் பண்ணுனவங்க ரசத்தை மட்டும் விட்டுட்டாங்களா?"

'நீங்க' எப்போது 'நீ' ஆயிற்று என்று கவனிக்கவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

"உன்ர பேச்சு எங்க பக்கத்துப் பேச்சு இல்லையே. எந்த ஊரு?"

"சங்கரன்கோவில் பக்கம் அக்கா."

"ஓ, அந்தப் பக்கமா! 'ஏளா'ன்னு சொல்லுவீங்களே. எங்க, ஒருவாட்டி சொல்லு."

"சும்மா எப்படிங்க சொல்றது? கோபம் வந்தாதான் வரும்."

"பணம் குடுக்கலீன்னா வருமா?"

"வராதுக்கா."

"அப்பக் குடுத்தே போட வேண்டியதுதான்" என்று சலித்துக்கொண்டார்.

கோபியில் ஒரு விசேஷம், ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லோரும் போயிருக்கிறார்கள், இவர் மட்டும் போகவில்லை என்றார். ஏன் என்று கேட்கவில்லை. என்னிடம் கேட்டால் எனக்குப் பிடிக்காத கேள்விகளை நான் பிறரிடம் கேட்பதில்லை. மணி அடித்தது. போய்விட்டு வந்தார். மறுபடி அடித்தது. "பொறவு கூப்பிடறேன் கண்ணு" என்று வைத்தார். கூப்பிடவில்லை.

ஜூலை 17, வியாழன்

கோவைப்புதூர் பில் சரியாகப் போயிற்று. அனுப்புவதற்கு முன் மூன்று முறை படித்துப் பார்த்தேன்.

யாரும் கூப்பிடவில்லை.

ஜூலை 19, சனி

பத்து ரூபாய் குறைகிறது. மழையில் நெட்வொர்க் அதைத் தின்றுவிட்டதாம்.

ஜூலை 22, செவ்வாய்

வேன் பழுதாகி நின்றதால் தெய்வானை அக்கா மதியம் வரை அலுவலகத்திலேயே இருந்தார். அவருடைய தூக்குவாளியிலிருந்து எனக்கும் கொஞ்சம் அரிசிம்பருப்புச் சோறு வைத்தார். ஏதோ பேச வேண்டும் என்று, கோவைப்புதூர் வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்டேன்.

"நாயா? ஏங் கண்ணு?"

"அடிக்கடி மணிச் சத்தம் கேக்குது."

தெய்வானை அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அது அவங்க வீட்டுக்காரரு. வேலுச்சாமின்னு பேரு. பில்லுல அவரு பேருதான போடற? பக்கவாதம் வந்து படுத்து மூணு வருசத்துக்கு மேல ஆச்சு. பேச்சு வராது. எடது கை மட்டும் ஆடும். அதுல ஒரு மணியைக் கட்டி விட்டிருக்கறாங்க. வேணுங்கறப்ப அடிப்பாரு."

"புள்ளைங்க?"

"இல்ல. அந்தம்மாதான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசிக்கிட்டுக் கெடக்கும்."

நான் நாய் என்று கேட்டிருக்கக் கூடாது.

மாலையில் மற்ற பில்கள் போட்டேன். தமயந்தி அக்கா என்னோடு பேசும்போது அவ்வளவு உற்சாகமாக இருப்பது ஏன் என்று இப்போது புரிகிறது. பதில் சொல்லும் குரல் ஒன்று வேண்டாமா ஒருத்திக்கு? பாவம். அதற்காகவாவது நான் கொஞ்சம் கூடுதலாகப் பேசலாம்.

ஜூலை 31, வியாழன்

நடக்கக் கூடாதது நடந்துவிட்டது.

கோவைப்புதூர் பில்லில் 'சோபா ஷாம்பூ' என்று போயிருந்தது. "சோபா இல்ல கண்ணு, மூங்கில் நாற்காலிதான்" என்று தெய்வானை அக்காவின் குரல் செய்தி தெளிவாகவே இருந்தது. போன் அடித்தபோது நான் கீழே தண்ணீர் கேன்காரருக்கு வழி காட்டிக்கொண்டிருந்தேன். மேலே கிருபா மேடம் இருந்தார். படியேறும்போது அவர் குரல் கேட்டது: "சாரி மேடம். கண்டிப்பா திருத்திடறோம் மேடம்."

வைத்துவிட்டுக் கணினியை என் பக்கத்திலிருந்து தன் பக்கம் திருப்பினார். கோவைப்புதூர் வீட்டின் எல்லா பில்களையும் வரிசையாகத் திறந்தார்.

"எடுத்த எடுப்புல 'இன்னிக்கு என்னத்தைச் சேத்துவிட்டிருக்கீங்'கறாங்க. ஒவ்வொரு பில்லுக்கும் தகராறு போல இருக்கே? ஒவ்வொரு தடவையும் பணம் குறைச்சல். ஒவ்வொரு தடவையும் நீ துரத்தியிருக்க."

"தகராறு இல்ல மேடம். சிரிச்சுட்டேதான் சொல்வாங்க."

"சிரிச்சுட்டே சொன்னாலும் கம்ப்ளெய்ன்ட் கம்ப்ளெய்ன்ட்தான். பேங்க்ல இருக்கும்போது நான் பாக்காத ஆளா? நாளைக்கு கூகுள்ல ஒரு ஸ்டார் போடுவாங்க. பத்து ரூபாய்க்கு நீ மூணு போன் பண்ற, அந்த நேரத்துக்கு யார் சம்பளம் குடுக்கறது? ஆகஸ்ட்டோட இந்த வீடு போதும். செப்டம்பர்ல இருந்து வர முடியாதுன்னு நீயே மெசேஜ் அனுப்பிடு. மரியாதையா எழுது."

"சரிங்க மேடம்" என்றேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மழை. செய்தி அனுப்பவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. விடுதிப் பெண்கள் பேரூருக்குப் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், தலைவலி என்றேன். அவர்கள் போன பிறகு தலைவலி உண்மையிலேயே வந்தது.

கட்டிலில் உட்கார்ந்து செய்தியை எழுதிப் பார்த்தேன். 'அன்புள்ள வாடிக்கையாளருக்கு, தவிர்க்க இயலாத காரணங்களால்...' என்று ஒன்று. தவிர்க்க இயலாத காரணம் எது? 'ஆட்கள் பற்றாக்குறையால்' என்று இன்னொன்று. அது பொய். எத்தனை மரியாதையாக எழுதினாலும் ஒருவரை வேண்டாம் என்று சொல்கிற வாக்கியம் ஒன்றுதான். அப்படி ஒன்றை ஒருமுறை எழுதியிருக்கிறேன், வேறொரு வீட்டுக்கு, பத்திரிகை அடித்து வந்த பிறகு. அதில் குற்றம் அவர்கள் பக்கம் இருந்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் வேன் கிளம்புமுன் தெய்வானை அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார்.

"ஐயய்யோ, அந்த வீட்டை நிறுத்தறாங்களா? கூட்டறது தொடைக்கறது கெடக்குது கண்ணு, அதை அந்தம்மாவே பண்ணிக்கும். நாங்க நாலு பேரு போற அன்னிக்குத்தான் அந்த மனுசனைத் தூக்கி நாற்காலில உக்கார வெப்போம். மெத்தையை வெய்யில்ல போட்டு, கட்டிலைக் கழுவி, முதுகுக்குப் பவுடர் போட்டு மறுபடியும் படுக்க வெப்போம். ஒத்தைப் பொம்பளையா அவரைத் தூக்க முடியுமா? ஒரு தடவை நாங்க போகலீன்னா முதுகு புண்ணாயிரும்."

"அதுக்கு பில் போடலையே அக்கா நாம."

"அதுக்கெல்லாம் பில்லுப் போடுவாங்களாக்கும்" என்று வேனில் ஏறினார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாலையில் கிருபா மேடம் வந்ததும் எழுந்து நின்றேன். உட்கார்ந்தபடி சொல்ல முடியாது என்று தோன்றியது.

"மேடம், கோவைப்புதூர் வீட்டுக்கு நான் மெசேஜ் அனுப்பல."

"ஏன்?"

"தகராறு அவங்க பக்கம் இல்ல. பில்லுல இருந்த தப்பு எல்லாம் நான் போட்டது."

"தெரியுமே. நீதானே பில் போடற. தப்பு எல்லாருக்கும் வர்றதுதான். ஆனா அவங்க அதைச் சாக்கா வெச்சு..."

"வந்த தப்பு இல்ல மேடம். போட்டது."

கைப்பையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மூணாவது பாத்ரூம்?"

"அது நிஜமான தப்பு. அதுக்குப் பிறகு வந்தது எல்லாம்..."

"எதுக்கு?"

"தெரியல மேடம்."

இருபது வருடம் வங்கி கவுன்டரில் உட்கார்ந்து முகங்களைப் பார்த்தவர். அதற்கு மேல் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டார்.

"இந்த ஊர்ல உனக்கு யாராவது இருக்காங்களா இசக்கி?"

"இருக்காங்க மேடம்."

"யாரு?"

நான் விடுதிப் பெண் ஒருத்தியின் பெயரைச் சொன்னேன். பெங்களூருக்குப் போய்விட்டவள்.

கிருபா மேடம் நெடுநேரம் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு முதலாளியாகப் பேசினார். "அந்த வீடு இருக்கட்டும். தெய்வானைகிட்ட நான் பேசிக்கறேன். ஆனா அந்த வீட்டு பில்லை இனிமே நான் போடறேன். பணம் வரலைன்னா நான் பேசறேன். நீ அந்த நம்பருக்குக் கூப்பிடக் கூடாது. அங்க இருந்து போன் வந்தா எனக்குத் திருப்பி விட்டுடு. இன்னொரு தடவை ஒரு பில்லுல ஒரு வரி அதிகமாப் போச்சுன்னா, நல்ல கையோ கெட்ட கையோ, வேற ஆள் பார்த்துப்பேன். புரியுதா?"

"புரியுது மேடம்."

கிளம்பும்போது படியில் நின்று, "சாப்பிட்டுப் போ" என்றார். அவர் என்னிடம் அப்படிச் சொல்வது முதல் தடவை.

வீடு தப்பித்தது. அது போதும். அதற்குத்தானே சொன்னேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கோவைப்புதூர் பில் மேடத்தின் போனிலிருந்து போயிற்று. பத்து நிமிடத்தில் இங்கே போன் அடித்தது, அந்த எண்தான். மேடம் சொன்னபடி அவருடைய போனுக்குத் திருப்பிவிட்டேன். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தன் மேசையில் அவர் பேசுவது தெரிந்தது. சீக்கிரமே முடிந்துவிட்டது.

"பில்லுல ஒண்ணும் தப்பில்ல, எல்லாம் சரியா இருக்குன்னு சொல்றதுக்கு போன் பண்ணாங்களாம்" என்றார் மேடம் வெளியே வந்து. "விசித்திரமான அம்மா. முழுப் பணமும் போட்டாச்சு."

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. நாவலை முடித்தேன். கடைசி நூறு பக்கத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அந்த எண்ணுக்குக் கூப்பிடக் கூடாது என்றுதான் மேடம் சொன்னார்.

சாப்பாட்டுக்குப் பிறகு காந்திபுரத்தில் பஸ் ஏறினேன். முகவரி மனப்பாடம், அத்தனை முறை தட்டச்சு செய்திருக்கிறேன். கோவைப்புதூர் மலையை ஒட்டிய இடம், ஊரைவிட ஒரு சட்டை குளிர் கூடுதலாக இருந்தது. வரிசை வீடுகளில் ஒன்று. முன்னால் ஒரு செம்பருத்தி. கேட்டின் கொக்கியில் கை வைத்தபிறகு, என்ன சொல்லி உள்ளே போவது என்று நான் யோசிக்கவே இல்லை என்பது புரிந்தது. பில் இல்லாமல் எனக்கும் அவருக்கும் இடையில் என்ன இருக்கிறது?

திரும்பியிருப்பேன். அதற்குள் கதவு திறந்தது. குட்டையான பெண்மணி, நைட்டிமேல் துண்டு, கிராப்பு வெட்டிய தலை. குரலை வைத்து நான் நெட்டையாக, கொண்டை போட்ட ஒருவரை மனதில் வைத்திருந்தேன்.

"யாரு வேணுங்?"

"அக்கா, நான்..."

"அடியாத்தி!" என்றார். "பில்லுக்காரப் புள்ளையா? ஏ சாமி, இத்துனூண்டு இருக்கற! உள்ள வா, உள்ள வா. பேரு என்னன்னுகூட நாங் கேட்டதில்லையே."

"இசக்கி."

"எங்கூர்ல அப்படிப் பேரே இல்ல. நல்லாருக்குது. அந்த மேடம் எதாச்சும் திட்டுனாங்களா உன்னை? நீ பேசலீன்னதும் வேலையை விட்டே தூக்கிப்போட்டாங்களோன்னு நெனச்சேன்."

"இல்லக்கா, இருக்கேன்."

முன்னறையிலேயே கட்டில். அவர் படுத்திருந்தார், வேலுச்சாமி. நல்ல உயரமாக இருந்திருப்பார். முகத்தின் வலது பக்கம் தளர்ந்திருந்தது. கண்கள் மட்டும் தெளிவாக வந்து என்மேல் நின்றன. "இதா, இந்தப் புள்ளைதான். தப்புத் தப்பா பில்லுப் போடும்னு சொல்லுவேனில்ல" என்று அவரிடம் என்னை அறிமுகப்படுத்தினார். பிறகு காபி. பிறகு நாங்கள் இருவரும் மூங்கில் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். இனி பேசலாம் என்று நான் நினைத்த நேரத்தில், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கேட்கலாமா வேண்டாமா என்று.

"கண்ணு, உனக்கு அவசரமா?"

"இல்லவே இல்லக்கா."

"ஒரு அரை மணி நேரம் இவரைப் பாத்துக்கறயா? மணி அடிச்சா தண்ணி, கரண்டில. வேற ஒண்ணும் வேண்டியதில்ல. நாஞ் சித்த வெளிய போயிட்டு வந்தர்றேன்."

நான் தலையாட்டி முடிப்பதற்குள் உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். செருப்பை மாட்டும்போது ஒரு கால் இடம் மாறிப் போயிற்று; அவ்வளவு அவசரம். கேட் சாத்தும் சத்தம் கேட்டது. செம்பருத்தியைத் தாண்டி அவர் தலை போவது ஜன்னலில் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

நானும் வேலுச்சாமியும். மேலே மின்விசிறி. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன், பிறகு என் கையை. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பேசாதவர்கள் முன்னால் பேசாமல் இருப்பது இவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியாது. நான் அதில் தேர்ந்தவள் என்று நினைத்திருந்தேன். "நான் துலக்கத்தில் பில் போடறேன்" என்றேன். அவருக்குத் தெரிந்ததுதான். மழை பற்றிச் சொன்னேன். பஸ்ஸில் வந்ததைச் சொன்னேன். எங்கள் ஊரில் இந்த மாதம் புழுதிக்காற்று அடிக்கும் என்றேன். ஊர் என்றதும் அப்பா வந்துவிட்டார், அப்பாவை அடுத்துப் பத்திரிகை. கல்யாணம் வேண்டாம் என்று நான் ஏன் சொன்னேன் என்று அம்மா கேட்டாள், மாமா கேட்டார், ஊரே கேட்டது. ஒருவரிடமும் நான் சொல்லவில்லை.

அவரிடம் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கேயும் எழுதப்போவதில்லை.

பாதியில் நிறுத்தினேன். மணி அடித்தது. கரண்டியில் தண்ணீர் எடுத்துப் போனேன், உதட்டைத் திறக்கவில்லை. தலையணையைச் சரிசெய்தேன்; மறுபடி அடித்தார். என்ன வேண்டும் என்று புரியாமல், "அதுக்குப் பிறகு அவங்க வீட்ல இருந்து ரெண்டு பேர் வந்தாங்க" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். அவருடைய கை அடங்கிப் படுக்கையில் படிந்தது.

தமயந்தி அக்கா திரும்பி வந்தபோது தெருவிளக்கு எரியத் தொடங்கிவிட்டது. கையில் பை இல்லை, பூ இல்லை, ஒன்றுமில்லை. முகம் மட்டும் குளித்துவிட்டு வந்ததுபோல இருந்தது.

"எங்கக்கா போனீங்க?"

"எங்கீம் போகலை கண்ணு. பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தேன். பஸ்ஸு வருது, போகுது. ஒருத்தரும் என்னைக் கூப்பிடலை. நானும் ஒருத்தர்கிட்டவும் ஒரு வார்த்தை பேசலை." மூங்கில் நாற்காலியில் சாய்ந்தார். "எவ்வளவு நல்லாருந்துச்சு தெரியுமா?"

"போன்ல அவ்வளவு பேசுவீங்களே."

"போன் வந்தா வாசலுக்குப் போலாமில்ல? சும்மா போயி நிக்கறதுக்கு மனசு வராது, இவரு கண்ணு தேடும். பில்லு தப்பு, ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வந்தர்றேன்னு சொல்லீட்டுப் போயி காத்தாட நிப்பேன்." குரலைத் தாழ்த்திச் சிரித்தார். "அதுக்குத்தான் பத்து ரூபாயைக் கொறைச்சுப் போடறது. ஆமா, நீ மட்டும் சும்மாவா?"

தோசை ஊற்றித் தந்தார். சாப்பிடும்போது இருவரும் அதிகம் பேசவில்லை. அவருக்கு அது வேண்டியிருந்தது, எனக்கு அன்றைய பேச்சு தீர்ந்திருந்தது.

வாசலில், "அடுத்த ஞாயித்துக்கெழமை வருவியா கண்ணு?" என்றார். "மூணு மணிக்கு வந்தீன்னா இவரு தூங்கி எந்திரிச்சிருப்பாரு."

"வர்றேன்க்கா."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தமயந்தி அக்காவுக்குப் பேச்சுத்துணை வேண்டும் என்று இத்தனை நாளாக நானாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். என்னிடம் மூட்டையாகக் கிடக்கும் தனிமையில் அரை மணி நேரம்தான் அவர் கேட்டது. வருத்தமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் இருந்தது.

ஆனால் சொல்லி முடிக்கவில்லை இன்னும். அந்த இரண்டு பேர் வந்து திண்டுக்கல் பூட்டு மாதிரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள் என்பது வரைதான் சொல்லியிருக்கிறேன். வேலுச்சாமிக்கு நினைவிருக்குமா, தெரியாது. எனக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து தொடங்க வேண்டும்.